நரிக்கு எலக்ட்ரோனிக் கோலர் சரிவருமா? ஆட்டுப்பட்டிப் பிரச்சினை

ஒட்டுசுட்டான்_பட்டி:

வணக்கம். முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு ஆட்டுப்பட்டி இருக்கிறது, வளவுக்குள் ஊர்க்கோழியும் நிற்கிறது. மாரி முடிந்ததிலிருந்து குட்டிகள் காணாமல் போகின்றன. பட்டியைக் கிடுகாலும் அலம்பல் தடிகளாலும் அடைத்திருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் பழைய முட்கம்பி. இரவில் குளக்கட்டுப் பக்கம் ஒன்று ஊளையிடத் தொடங்கினால் நாலு பக்கமிருந்தும் பதில் வரும், பிறகு ஊர் நாய்களும் சேர்ந்துகொள்ளும், விடியும்வரை நித்திரை இல்லை. ஆகவே நரிதான் என்று நினைக்கிறேன்.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பனிக்குள் ஒருவர் வெள்ளை உடுப்போடு குந்தியிருக்கிறார், கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஸ்பீக்கர், கையில் ரிமோட். முயல் வேதனையில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடுகிறார், கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து கொயோட்டி என்கிற நரி மாதிரியான சாமான் நேரே ஓடி வருகிறது. எலக்ட்ரோனிக் கோலர் (caller), அதாவது சத்தம் போட்டு மிருகத்தைக் கூப்பிடுகிற கருவியாம், இதை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான். விலையைப் பார்த்தால் நல்ல கிடாய் ஒன்றை விற்றாலும் காணாது போலிருக்கிறது.

நான் கேட்பது, எங்கள் நரி இந்தச் சத்தத்துக்கு வருமா? வருமென்றால் என்ன சத்தம் போடவேண்டும், ஆட்டுக்குட்டி கத்துவதா, நரி ஊளையா? கோலர் வாங்காமல் போனிலிருந்து புளூடூத் ஸ்பீக்கரில் போட்டாலும் காணுமா? சித்தப்பாவிடம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த துவக்கு இருக்கிறது, அவர் வந்து நிற்கத் தயார். இல்லாவிட்டால் தலைகீழாக, சிறுத்தை உறுமுகிற சத்தத்தை இரவு முழுக்கப் பட்டியடியில் ஓடவிட்டால் நரி கிட்ட வராமல் விடுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஒன்ராறியோ_வன்னியான்:

தம்பி, நான் துணுக்காயில் பிறந்தவன், இப்போது ஒன்ராறியோவில். இங்கே பண்ணைக்காரர்கள் சிலர் கேட்டால் குளிர்காலத்தில் கொயோட்டிக்குப் போவேன், கோலரும் வைத்திருக்கிறேன். அதனால் அந்த வீடியோவில் காட்டாததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாமான் வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. முந்தி ரெக்கோட் தட்டிலும் பிறகு கசட்டிலும் போட்டார்கள், இப்போது ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சத்தங்கள், முயல், எலி, மான்குட்டி, பறவை, கொயோட்டிக் குட்டி அடிபட்டுக் கத்துவது, தனி ஊளை, கூட்ட ஊளை என்று எல்லாம் இருக்கும். வாயால் ஊதுகிற கோலரும் இருக்கிறது, விலையும் மலிவு, ஆனால் ஊதும்போது சத்தம் உங்களிடமிருந்து வருகிறது, கொயோட்டியின் கண்ணும் காதும் நேரே உங்களிடம்தான் வரும். எலக்ட்ரோனிக் கோலரின் முக்கிய பயனே அதுதான், சத்தம் ஓரிடத்தில் ஆள் இன்னோரிடத்தில். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி வைப்போம். கிட்டவே ஆடுகிற வால் மாதிரி ஒன்றைக் குத்திவிடுவதும் உண்டு, வருகிற மிருகம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், நம்மைப் பார்க்காது.

ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று. கொயோட்டி நேரே ஓடி வருவது வீடியோவில்தான் அதிகம். அனுபவப்பட்டது சத்தத்தைக் கேட்டதும் சுற்றி வளைத்துக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் மணம் பிடித்துப் பார்க்கும், மனுச மணம் வந்தால் அவ்வளவுதான், அது வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அதனால் அது வளைந்து வரக்கூடிய வெளி உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்துகொள்ள வேண்டும். முதலில் மெல்லிய சத்தம், ஏனென்றால் மிருகம் பக்கத்துப் பற்றைக்குள் படுத்திருந்தால் பெரிய சத்தம் அதை ஓடவைத்துவிடும். கொஞ்ச நேரம் போட்டு நிறுத்திப் பிறகு கூட்டுவோம். கால் மணி, இருபது நிமிடம் பார்த்துவிட்டு இடம் மாறுவோம். தை மாசியில் சோடி சேரும் காலம் என்பதால் அப்போது ஊளைச் சத்தத்துக்கு நன்றாக வரும், குட்டி போட்ட பிறகு குட்டி கத்துகிற சத்தத்துக்குத் தாய் தகப்பன் இரண்டும் வரும், அதைப் போட எனக்கு மனம் வருவதில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. தப்பிப் போன கொயோட்டி அந்தச் சத்தத்தை மறக்காது. ஒரே முயல் சத்தத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பக்கத்து மிருகங்கள் எல்லாம் படித்துவிடும், பிறகு கோலர் வெறும் ரேடியோ.

சட்டமும் இருக்கிறது. ஒன்ராறியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முந்தியிருந்து மறைந்த பிறகு அரை மணி வரைதான் சுடலாம். அல்கோன்குயின் பூங்காவைச் சுற்றியுள்ள பகுதிகளில் கொயோட்டியைத் தொடவே கூடாது, அங்கேயுள்ள ஓநாயும் கொயோட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றென்று நினைத்து மற்றதைச் சுட்டுவிடுவார்கள் என்று இரண்டையுமே தடுத்து வைத்திருக்கிறார்கள். வலசை வரும் தாரா, வாத்துக்கு ரெக்கோட் சத்தம் போடுவதும் பெரும்பாலும் தடை. அவ்வளவு நன்றாக வேலை செய்கிற சாமான் என்பதால்தான் தடை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நரி வருமா? வரும். சேர்பியா, ஹங்கேரி, கிரேக்கம் பக்கம் இதே இன நரியை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுப்பதே ஊளையை ஸ்பீக்கரில் போட்டு எங்கெங்கே பதில் வருகிறது என்று கேட்டுத்தான். போன் ஸ்பீக்கரும் காணும், கூர்மையான சத்தம்தான் தேவை, பேஸ் தேவையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கோலர் என்பது மிருகத்தைக் கிட்டக் கூப்பிடுகிற சாமான். உங்களுக்கு வேண்டியது அது கிட்ட வராமல் இருப்பது. பட்டியடியில் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தத்தைப் போட்டால் கலியாணவீட்டுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டின மாதிரி, தெரியாத நரிக்கும் வீட்டைக் காட்டிக் கொடுக்கிறீர்கள்.

மருதோடை_கமம்:

நரி வந்தால் பரவாயில்லையே, வேறு என்ன வருமென்று யோசித்தீர்களா. குட்டி கத்துகிற சத்தம் நரிக்கு மட்டும் கேட்கிறதா? நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காடுகளில் சிறுத்தை இருக்கிறது, கரடி இருக்கிறது. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை வந்து ஆட்களைக் காயப்படுத்தி, கடைசியில் சனம் அதை அடித்தே கொன்று, படம் எடுத்துப் போட்டு, பிறகு பொலிஸ் பிடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இருட்டில் ரோச் அடித்தால் தெரிவது இரண்டு கண் மட்டும்தான், நரியா சிறுத்தையா என்று சித்தப்பா எப்படிச் சொல்லுவார்?

அடுத்தது, இரவில் காட்டோரமாகத் துவக்கோடு பதுங்கியிருப்பது. எங்கள் பக்கம் மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. எடுத்துக் கையளித்த காணிக்குள் நில்லுங்கள், சுற்றிவளைத்து நல்ல இடம் பிடிக்கிறேன் என்று மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் போகவேண்டாம். கனடாவில் காற்றைப் பார்த்து இடம் மாறலாம், இங்கே காலைப் பார்த்துத்தான் மாறவேண்டும்.

லைசென்ஸ் சித்தப்பாவின் பெயரில், அதுவும் அவருடைய பயிருக்கு. உங்கள் பட்டியடியில் அவர் சுட்டால் அது வேறு கணக்கு. துவக்கைத் தூக்க முந்தி வனசீவராசிகள் அலுவலகத்துக்கு ஒருக்கால் போய்க் கதையுங்கள். சுருக்குக் கம்பி, தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்து வைக்கிற பன்றி வெடி பக்கம் தலை வைத்தும் படுக்கவேண்டாம், அதில் ஊர் மாடுதான் முதலில் மாட்டும், சில நேரம் ஆளும். யானைக் குட்டி வாய் கிழிந்து நிற்பதைக் கண்டவன் நான்.

மிருகவைத்தியம்_முல்லை:

எல்லோரும் நரி நரி என்கிறீர்கள். நரிதான் என்று யார் பார்த்தது?

நான் கால்நடை வேலையில் இருக்கிறேன். நரி தின்றது என்று கூப்பிட்டுப் போனால் பெரும்பாலும் பார்ப்பது நாயின் வேலை. காயத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நாய் துரத்திக் கடிக்கும், பின்னங்கால், வால், காது என்று கிடைத்த இடமெல்லாம் கடித்திருக்கும், ஒரே இரவில் நாலைந்தைக் குதறிப் போட்டுவிட்டு ஒன்றையும் ஒழுங்காகத் தின்னாமல் போய்விடும். நரி பத்துக் கிலோ அளவுள்ள சின்ன மிருகம், பெரிய ஆட்டோடு மினக்கெடுவது குறைவு, பிறந்து சில நாளான குட்டியை, நோஞ்சானைத் தூக்கிக்கொண்டு போகும், அல்லது வயிற்றைக் கிழித்து உள்ளே உள்ளதைத் தின்னும். சிறுத்தை என்றால் தொண்டையில் ஆழமான பல் துளை, இழுத்துப்போன தடம். குளத்தடியில் தண்ணீர் குடிக்கும்போது போனதென்றால் முதலையையும் நினைக்கவேண்டும். ஒரு துளி இரத்தம் இல்லாமல் குட்டி மறைந்தால் மலைப்பாம்பையும், இரண்டு கால் நரியையும் சேர்த்து யோசியுங்கள்!

தடம் பார்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. பட்டியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு நல்ல குருமணலைப் பரவி மட்டப்படுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். நரியின் காலில் நடு இரண்டு விரல் மெத்தைகளும் பின்பக்கம் ஒன்றாக ஒட்டியிருக்கும், நாய்க்கு நாலும் தனித்தனி. நரி நூல் பிடித்த மாதிரி நேரே நடக்கும், நாய் அங்குமிங்கும் அலைந்து போகும். பூனை இனமென்றால் நகம் விழாது.

இன்னொரு முக்கியமான விஷயம், இதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். நரிக்கும் விசர் (ரேபிஸ்) வரும். பகலில் ஆளுக்குப் பயப்படாமல் வளவுக்குள் தள்ளாடி வருகிற நரியைக் கண்டால் கிட்டப் போகவேண்டாம், பிள்ளைகளை உள்ளே எடுங்கள். சுட்ட நரியை வெறுங்கையால் தூக்குவது, அதிர்ஷ்டம் தரும் என்கிற நரிக்கொம்பு இருக்கிறதா என்று மண்டையைக் கிண்டுவது, இதெல்லாம் வேண்டாம். கொம்பு என்று ஒன்று இல்லை, விற்கிறவன்தான் இருக்கிறான். கடித்தாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, நோய்க்குறி தொடங்கினால் காப்பாற்ற வழியில்லை. ஊர் நாய்க்கும் பட்டி நாய்க்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா?

ஒட்டுசுட்டான்_பட்டி:

மிருகவைத்தியம் அக்காவோ அண்ணையோ தெரியவில்லை, நன்றி. பட்டி நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது. ஊர் நாய் யாருடையதென்றே தெரியாது.

சிறுத்தை உறுமல் பற்றி யாரும் சொல்லவில்லையே? அது நரிக்கும் நாய்க்கும் இரண்டுக்கும் சரிவரும் என்று நினைத்தேன். மயிலுக்கும் குரங்குக்கும்கூட ஒரு சத்தம் போட்டுவிடலாமென்றால் பக்கத்துக் கச்சான் தோட்டக்காரர் பாதிச் செலவு தருவதாகச் சொல்கிறார்.

வவுனிக்குளத்தான்:

மயிலுக்கா? 2025 மார்ச்சில் அரசாங்கம் ஐந்து நிமிடத்தில் நாடு முழுக்க மயிலும் குரங்கும் எண்ணிய கையோடு அதற்கும் மருந்து கண்டுபிடித்திருப்பார்கள் என்று பார்த்தேன், இன்னும் தகரம்தான் தட்டுகிறோம்.

வெருட்டுகிற சத்தம் எல்லாம் ஒரு கிழமைக் கதை. எங்கள் வயலில் ரேடியோ கட்டினோம், வெடிச்சத்தம் ரெக்கோட் பண்ணி ஓடவிட்டோம், முதல் சில நாள் ஒன்றும் வராது, பிறகு பன்றி ஸ்பீக்கருக்குக் கீழேயே கிளறும். ஒரு சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று மிருகம் கண்டுகொண்டால் முடிந்தது. காவல் கொட்டிலில் ஆள் இருந்து இடைக்கிடை எழும்பி வெளிச்சம் அடித்துக் கூவினால்தான் அது பயப்படும், ஏனென்றால் ஆள் நேரம் பார்த்துச் செய்வதில்லை.

சிறுத்தை உறுமல் போடப் போகிறீர்களென்றால் யானையை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் பயிருக்கு வருகிற யானைகளிடம் இதைப் போட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டிருந்தார்கள். வேங்கைப்புலி உறுமலுக்கு யானை சத்தமில்லாமல் பின்வாங்கிவிட்டது, சிறுத்தை உறுமலுக்குப் பிளிறி, உறுமி, கோபத்தைக் காட்டிவிட்டுத்தான் போனது. முத்தையன்கட்டுப் பக்கம் கோடையில் குளத்துக்கு யானை வருகிற பாதையில் இருந்துகொண்டு அதை இரவு முழுக்க ஓடவிடுவீர்களா? தேனீ இரையும் சத்தத்துக்கு யானை விலகுகிறது என்று 2018இல் இலங்கையிலேயே காட்டியிருக்கிறார்கள், ஆனால் அது நரிக்கு உதவாது.

நரியைக் கொல்லவேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அறுவடைக்குப் பிறகு வயலில் எலி பிடிக்கிறது யார்? நண்டு தின்கிறது யார்? காலபோகத்தில் எலி வெட்டின வயலைப் பார்த்தவனுக்கு நரியின் அருமை தெரியும்.

ஒன்ராறியோ_வன்னியான்:

வவுனிக்குளத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டியை அரசாங்கமே கொல்கிறது, நூறு வருடத்துக்கு மேலாகக் கொல்கிறார்கள், கொயோட்டி குறையவில்லை, முந்தி இல்லாத மாகாணங்களுக்கும் பரவிவிட்டது. ஒரு சோடியைச் சுட்டால் அந்த இடத்துக்கு வேறு இளசுகள் வரும், இரை கூடக் கிடைப்பதால் மிஞ்சினவை கூடக் குட்டி போடும். குறிப்பாக ஒரு மிருகம் ஆடு தின்னப் பழகிவிட்டதென்றால் அதை எடுப்பதில் பலன் இருக்கிறது, நாங்கள் கோலரோடு போவதும் அப்படியான பண்ணைக்குத்தான். கண்டதையெல்லாம் சுடுவதில் பலன் இல்லை. நரி உங்கள் குட்டியைத் தொடாமல் எலி பிடித்துக்கொண்டு அங்கே குடியிருந்தால் அது மற்ற நரியையும் உள்ளே விடாது, அதைச் சுட்டால் வருகிறது எப்படிப்பட்டதோ.

இங்கே செம்மறி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நம்புவது வேலியையும் காவல் மிருகத்தையும்தான். பெரிய வெள்ளை நாய்கள் விடுவார்கள், இலாமா விடுவார்கள், கழுதை விடுவார்கள். சிரிக்கவேண்டாம், கழுதைக்கு நாய் இனத்தைக் கண்ணில் காட்டக்கூடாது, துரத்தி உதைக்கும். மன்னார் ரவுணில் கழுதை தெருத்தெருவாய்த் திரிகிறதே, யாராவது முயன்று பார்த்தீர்களா?

மருதோடை_கமம்:

மன்னார்க் கழுதை பொலித்தீன் தின்றுகொண்டு படுத்திருக்கும், நரி வந்தால் வழி விடும் 😀

மிருகவைத்தியம்_முல்லை:

அப்படிச் சொல்லவேண்டாம், கழுதை நல்ல காவல்தான். ஆனால் ஒரு பட்டிக்கு ஒன்று மட்டும் விடவேண்டும், இரண்டு விட்டால் அவை இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் மேயும், ஆட்டைக் கவனிக்காது. பெட்டைக் கழுதை அல்லது காயடித்தது. காயடிக்காத கடுவன் குட்டிகளையே கடித்துவிடும். ஆட்டோடு பழகச் சில கிழமை எடுக்கும். சிறுத்தைக்குக் கழுதை ஒன்றும் செய்யாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் வேலி. அலம்பல் மாட்டுக்குச் சரி, நரி கீழால் நுழையும், கிண்டியும் வரும். பட்டி முழுவதையும் அடைக்கக் காசு இல்லாவிட்டால் குட்டிகளுக்கும் ஈனப்போகிற மறிகளுக்கும் மட்டும் ஒரு சின்ன இரவுக் கொட்டில் போதும். நெஞ்சளவுக்கு மேல் உயரத்துக்குக் கம்பி வலை, கீழே இரண்டு அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடித்து நிலத்தோடு படுக்கவைத்துக் கல் ஏற்றிவிடுங்கள். மிருகம் வேலியடியில்தான் கிண்டத் தொடங்கும், அங்கே வலை தட்டுப்பட்டால் பின்னுக்குப் போய்க் கிண்டவேண்டும் என்ற யோசனை அதற்கு வராது. மெல்லிய கோழி வலையை நாய் பல்லால் கிழிக்கும், தடித்த கம்பி வாங்குங்கள். செத்த குட்டி, நச்சுக்கொடி, கோழிக் குடல் ஒன்றையும் வேலிக்கு வெளியே எறியவேண்டாம், ஆழப் புதையுங்கள். அந்த மணம்தான் முதல் கோலர்.

ஒட்டுசுட்டான்_பட்டி:

மணல் பரவிப் பார்த்தேன். முட்கம்பிப் பக்கம் இரண்டு வகைத் தடம் கிடக்கிறது. ஒன்று நாய், தனித்தனி விரல், பெரியது, அது உள்ளே வரைக்கும் வந்திருக்கிறது. மற்றது சின்னது, நேரே வேலியோரமாகப் போய்த் திரும்பியிருக்கிறது, நடு விரல் ஒட்டினமாதிரித்தான் தெரிகிறது. ஆக நரி வெளியே நிற்க நாய் உள்ளே வந்திருக்கிறது. எந்த நாய் என்று ஊகமும் இருக்கிறது, வீட்டுக்காரரோடு கதைக்கப் போனால் சண்டைதான் வரும்.

மச்சானிடம் கோலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காசில் பாதிக்குக் கம்பி வலை, மிச்சத்துக்கு இரவில் தானாகப் படம் எடுக்கிற கமரா ஒன்று அனுப்பச் சொன்னேன். படத்தோடு போனால் நாய்க்காரர் மறுக்க முடியாது. ஒன்ராறியோ அண்ணை, எப்படிப்பட்ட கமரா கேட்கவேண்டும்?

ஒன்ராறியோ_வன்னியான்:

சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாத இன்ஃப்ராரெட் வகை என்று கேட்கச் சொல்லுங்கள், மினுங்கினால் மிருகம் திரும்பிப் பார்க்கும், ஆட்களும் கண்டு கழற்றிக்கொண்டு போவார்கள். முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், லென்ஸ் கிழக்கும் மேற்கும் பார்க்காமல், வெயில் நேரே விழுந்தால் சும்மா சும்மா படம் எடுத்துக்கொண்டிருக்கும். முன்னால் புல்லை வெட்டிவிடுங்கள். சிம் போடுகிற மொடல் வேண்டாம், இங்கத்தைய நெட்வேர்க்குக்குச் செய்தது அங்கே வேலை செய்யாமல் போகலாம், மெமரி கார்ட் போடுகிறது போதும். பற்றரியைப் பார்சலில் போடச் சொல்லவேண்டாம், சாதாரண டபுள் ஏ அங்கேயே வாங்கலாம்.